ரோட்ஸ் தீவில் பார்க்க வேண்டிய இடங்கள்

லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டு மாதம் எங்கெங்கோ அலைந்து, யாரோ பிரித்து வாசித்து, சோற்றுப் பசையால் திரும்ப ஒட்டிய கடிதம்.

"வாற கோடைக்குக் குடும்பத்தோடை ரோட்ஸ் தீவுக்குப் போறம், சேர். கிரேக்க நாட்டிலை இருக்கு, உங்களுக்குத் தெரியாததே? ஒரு கிழமைதான் லீவு. சரித்திர இடங்களிலை எதெதைக் கட்டாயம் பார்க்க வேணும் எண்டு எழுதி அனுப்புங்கோ. உதிலை உங்களை விட்டால் எனக்கு வேறை ஆரைத் தெரியும்?"

இங்கே யுத்தம், பொருள்கள் வரத் தடை; துணி தோய்க்கச் சவர்க்காரம் இல்லை. என் சைக்கிள் ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, இப்போது ஒட்டுகள்தான் ரியூப்பாக இருக்கின்றன. இந்த நிலையில் ரோட்ஸ் தீவுக்கு வழி கேட்கிற மனிதரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பாவம், நான் வகுப்பில் கதைத்த கதைகளை நம்பி வளர்ந்தவர். ஆனால் 'ரோட்ஸ்' என்ற சொல்லை வாசித்தவுடன் அடிவயிற்றிலிருந்து ஓங்காளித்துக்கொண்டு வந்தது. பழுதுபட்ட மீனை மோந்த மாதிரி. கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. நெடுந்தீவுக்கே ஒருமுறைதான் போனேன். போகும்போதும் வரும்போதும் வள்ளத்தின் விளிம்பில் தொங்கிச் சத்தி எடுத்தேன். ஆனாலும் ரோட்ஸ் தீவின் சரித்திர இடங்களை இரண்டு தடவை, வெவ்வேறு ஆட்களுக்கு, ஒவ்வொரு கல்லாகச் சுற்றிக் காட்டியிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு காலத்தில் மிசனரிமார் நடத்திய பாடசாலை ஒன்றில் நான் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே நூலகத்தில் அவர்கள் விட்டுப்போன தடித்த படப் புத்தகங்கள் இரண்டு அலுமாரி நிறைய இருந்தன. அவற்றை நானும் கறையானும் மட்டுமே வாசித்தோம். இதனால் எங்கள் குடும்பத்தில் நான் 'படித்தவன்', அதாவது வேறு எதற்கும் கூப்பிடப்படாதவன்.

அக்கா குடும்பம் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்தில். அத்தான் வெங்காயம் செய்கிறவர். சந்தைக்கு வந்த மூட்டையில் கையை விட்டால், எந்த வெங்காயம் எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை நாள் காயவிட்டது என்று சொல்லிவிடுவார். ஒரே மகள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வெங்காயம் தகப்பனுடைய பொறுப்பு என்றால் கிணற்றடியில் இருந்த முந்திரிகைப் பந்தல் அவளுடையது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். பருவத்துக்குக் கொடியை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் அவளே. பந்தலுக்குக் கீழே வேறொருவர் கத்தியோடு நின்றால் அவளுக்குப் பிடிக்காது.

அந்தக் காலத்தில் ஊரிலுள்ள மாப்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சுக்கால் வந்தவுடன் எங்கள் ஆட்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போவார்கள். அவனுடைய ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு சோடா குடிப்பார்கள். முடி வெட்டுகிற இடத்தில் தேவையில்லாமல் ஒருமுறை முடி வெட்டுவார்கள். அவனுடைய பாட்டன் யாரோடு வேலிக்குச் சண்டை பிடித்தவர் என்பதுவரை அறிந்துகொண்டு திரும்புவார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால்? ஜேர்மனியில் எந்தச் சங்கக்கடையில் போய்ச் சோடா குடிப்பது? பிள்ளையை அறியாத ஊருக்கு, அறியாத ஒருவனிடம், தனியாக விமானம் ஏற்ற வேண்டும். போனால் திரும்பிவர வழியுமில்லை, வந்தால் இருக்க ஊருமில்லை என்ற காலம். விசாரணை வேண்டும்; விசாரிக்க ஆளில்லை. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் விசாரிக்க வேண்டியவை படங்களில் இருந்த கற்கள்.

கலியாணப் புரோக்கர் கொண்டுவந்த அல்பம் மேசையில் இருந்தது. மட்டையில் சிவப்பு ரோசாப்பூ. திறந்தால் பிளாஸ்ரிக் வாசனை. ஒவ்வொரு தாளும் மற்றதில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது காயத்துக்குப் போட்ட கட்டை உரிக்கிற சத்தம் போட்டது. பதினொரு படங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இடிபாடு. அதற்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு, கறுப்புக் கண்ணாடியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

"ஆள் ஜேர்மனியிலை நல்ல வேலை," என்றார் புரோக்கர், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கியபடி. "பத்து நாள் லீவிலை கிரேக்கத்துக்குப் போனவர். அங்கை வெள்ளைக்காரர் அப்பிடித்தான், வெயிலுக்கு ஒரு தீவுக்குப் போறது."

"வெயிலுக்கோ?" என்றார் அத்தான். "காசு குடுத்து வெயிலுக்குப் போறதோ?"

"ஓம் அண்ணை."

"விசரங்கள்." அத்தான் அல்பத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தாரும், நீர் பாரும். உதென்ன, இடிஞ்ச வீடோ?"

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆயுள் முழுக்க யாரும் கேட்காத ஒரு பாடத்தைப் படித்து வைத்தவனுடைய வாயைத் திடீரென்று முழுக் குடும்பமும் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நான் தொண்டையைச் செருமினேன்.

"இது ரோட்ஸ் தீவு. இது துறைமுக வாசல். ஒரு காலத்தில் இங்கே நூறு அடி உயரத்திலே ஒரு வெண்கலச் சிலை நின்றது. உலக அதிசயம். நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது."

"இப்ப தூணிலை நிக்கிறது மாடோ?"

"மான், அத்தான். சிலைக்குப் பதிலாகப் பிறகு வைத்த மான்."

"நூறடிச் சிலை விழுந்ததுக்கு ஒரு மானோ? நல்ல வியாபாரம்."

அக்கா குசினி வாசலில் நின்று, "அவனைச் சொல்ல விடுங்கோவன்," என்றாள்.

சொன்னேன். சிலுவைப் போர்வீரர்கள் குடியிருந்த கல்வீதி. அவர்களுடைய தலைவரின் மாளிகை, உள்ளே தரையில் பக்கத்துத் தீவிலிருந்து கொண்டுவந்து பதித்த வண்ணக் கற்கள். லிண்டோஸ் என்ற ஊரில் குன்றின் உச்சியில் கோயில், கழுதையில் ஏறித்தான் போவார்களாம். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிசம். மாளிகைக்குள்ளே எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பெடியன் உதெல்லாம் உள்ளுக்குப் போய்ப் பார்த்திருப்பானோ?" என்றார் அத்தான்.

"பார்க்காமல்? கையைப் பின்னாலே கட்டிக்கொண்டு நிற்கிற நிலையைப் பாருங்கோ. இது ரசிக்கத் தெரிந்த ஆளின் நிலை. பாடசாலை பார்க்க வந்த வித்தியாதிபதி மாதிரி."

புரோக்கருக்குக் கண் கலங்கியது. எனக்காக இரண்டாவது தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தவள் அக்காவின் மகள், என் மருமகள். அவள் கதிரைக்குப் பின்னால் நின்று கடைசி மூன்று படங்களையும் என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

பின்னேரம் நான் சைக்கிளை எடுக்கும்போது, கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, ஒருக்கா வாங்கோ."

பந்தலுக்குக் கீழே போனேன். அல்பத்திலிருந்து இரண்டு படங்களை உருவிக் கையில் வைத்திருந்தாள்.

"இந்தப் படத்திலை இவருக்குப் பின்னாலை ஒரு பந்தல் தெரியுது. கண்டனீங்களோ?"

காணவில்லை. நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவ்வாத்து வெட்டின கொடி. ஒரு இலை இல்லை. அடுத்ததிலை அதே பந்தல், அதே வளைஞ்ச கம்பி, அதே நீலக் கதவு. பழம் தொங்குது." அவள் தன்னுடைய கொடி ஒன்றைக் கையால் தொட்டாள். "இஞ்சை வெட்டிப் பழம் வர நாலு மாசம் செல்லும். அங்கை எவ்வளவோ தெரியாது. பத்து நாள் லீவிலை முந்திரிகை காய்க்குமோ, மாமா?"

அவள் கேட்டது எவ்வளவு நேரான கேள்வி என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. இதை நான் எழுதாமல் விடலாம். ஆனால் விட்டால் மிச்சத்தை எழுதி என்ன. விளங்கியது. அதற்குள் வாய் திறந்துவிட்டது.

"மத்தியதரைக் கடல் காலநிலை வேறு, பிள்ளை. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முந்திரிகை வளர்க்கிறார்கள். ஒரே வீதியில் ஒரே மாதிரிப் பந்தல் பத்து இருக்கும். கொடி வகைகளும் பல..."

"நீலக் கதவும் பத்தோ?"

"தீவு முழுக்க நீலக் கதவுதான்."

அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னுடைய கல்வியின் இலட்சணம்: உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றை எடுத்து ஒருத்தியின் வாயை அடைப்பது.

"அப்பாவிட்டை ஒருக்காச் சொல்லுவீங்களோ? நான் சொன்னால், கலியாணம் பிடிக்காமல் சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பார். நீங்கள் சொன்னால் கேப்பார்."

"பார்ப்போம்," என்றேன்.

சொல்லவில்லை. மத்தியானம் ஒரு மணித்தியாலம் பேராசிரியராக இருந்தவன், பின்னேரம் போய் 'நான் பந்தலைக் காணவில்லை' என்று வெங்காயக்காரரிடம் சொல்வதா? கொக்குவிலில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஒரு சின்ன விசயமாகச் சுருங்கிவிட்டது. அடுத்த நாள் பாடசாலை நூலகத்தில் ரோட்ஸ் தீவைப் பற்றிய படப் புத்தகத்தைத் திறந்து, துறைமுகத்தில் மான்கள் இருப்பதைச் சரிபார்த்தேன். இருந்தன. என் மனச்சாட்சிக்கு அது போதுமாக இருந்தது.

வேலைகள் கெதியாக நடந்தன. சாதகம் பொருந்தியது. நல்ல பொருத்தம் என்று சாத்திரியார் சொன்னாராம். கடவுச்சீட்டுக்குப் படம் பிடித்தார்கள். அக்கா குளிருக்கு என்று ஒரு கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கினாள். அந்தப் பங்குனி வெயிலில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு வேர்த்து வழிய அவள் இருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அத்தான் நூறடிச் சிலை முறிந்த கதையைச் சொன்னார். என்னை விட நன்றாகச் சொன்னார்.

மருமகள் என்னிடம் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வேறு வேலை பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, ஜேர்மனி விலாசத்துக்குப் போட்டிருக்கிறாள். அதில் ஒரே கேள்வி: அந்தத் தீவிலே முந்திரிகையை எந்த மாசம் கவ்வாத்து வெட்டுவார்கள்?

பதில் ஒன்றரை மாதத்தில் வந்தது. ஜேர்மனியிலிருந்து அல்ல. கிரேக்க முத்திரை. முத்திரையிலும் ஒரு தூண்.

அவள் அதைக் கொண்டு கொக்குவிலுக்கு வந்தாள். என்னுடைய புத்தகக் குவியல்களுக்கு நடுவே கதிரையில் இடம் செய்து இருந்தாள். "வாசியுங்கோ," என்றாள்.

கடிதம் ஒரு பக்கம்தான். எனக்கு நினைவிருக்கிறபடி இப்படி இருந்தது:

"நீங்கள் கேட்டது இஞ்சை மாசி மாசம் வெட்டுறது. பழம் ஆவணியிலை. உந்தப் பந்தலை நான் இஞ்சை இருந்த இரண்டு வருசமும் வெட்டினது நான்தான். அதுக்குக் கீழை ஒரு சாப்பாட்டுக்கடை. நான் பின்னாலை கோப்பை கழுவுறன். கப்பலிலை வந்தனான், இறங்கி நிண்டிட்டன். ஜேர்மனிக்குப் போக இன்னும் வழி கிடைக்கேல்லை. அம்மாவுக்குப் போற கடிதங்களை அங்கை ஒரு சிநேகிதன் போடுறவன், உங்கடை கடிதத்தையும் அவன்தான் இஞ்சை அனுப்பினவன். மத்தியானக் கடை முடிஞ்சு பின்னேரக் கடை தொடங்கு முன்னம் எடுத்த படங்கள் அவை. சட்டை முதலாளியின்ரை. உந்த இடங்கள் ஒண்டுக்கும் நான் உள்ளுக்குப் போகேல்லை, ரிக்கற் எடுக்க வேணும். எல்லாம் வாசலிலை நிண்டு எடுத்தது. இதை முந்தியே எழுதியிருக்க வேணும். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் குறை இல்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

இரண்டாம் தரம் வாசித்தேன். உள்ளே போகவில்லை. நான் அவனை அந்த மாளிகைக்குள்ளே நடத்தி, வண்ணக் கற்களில் நிற்கவைத்து, படிகளை எண்ணவைத்திருந்தேன்.

"கோப்பை கழுவுறது எனக்கு ஒண்டுமில்லை மாமா," என்றாள் அவள். "கேட்டவுடனை உண்மை சொன்ன மனுசன். ஆனால் என்னாலை போகேலாது. நான் அங்கை போனால் அடுத்த அல்பத்திலை நானும் நிக்க வேணும். அவருக்குப் பக்கத்திலை, இரவல் சட்டையோடை, உங்கடை தூணுக்கு முன்னாலை. அம்மாவுக்கு அனுப்ப."

'உங்கடை தூண்' என்று சொன்னாள்.

"அப்பாவிட்டை நீங்கள்தான் சொல்ல வேணும். சாட்சி சொன்னது நீங்கள். கடிதத்தைக் காட்டாதேங்கோ. அவற்றை தாயின்ரை காதுக்குப் போகக் கூடாது."

அத்தானைத் தோட்டத்தில் பிடித்தேன். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்று சொன்னேன். மத்தியதரைக் கடலில் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேராச் சொல்லும்."

நேராகச் சொன்னேன். பந்தல், கவ்வாத்து, நீலக் கதவு, கோப்பை, இரவல் சட்டை. அவள் என்னிடம் முதலே கேட்டதையும், நான் மறைத்ததையும். அவர் நிமிரவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"இலை இல்லாத கொடி?"

"ஓம், அத்தான்."

"நானும் பார்த்தனான்தானே அந்தப் படம். பிறகும் ஒருக்கா எங்கடை முந்திரிகைப் பந்தலுக்குக் கீழை இருந்துகொண்டு பார்த்தனான்." வெங்காயத்தைக் கடகத்துக்குள் எறிந்தார். "நீர் கதைச்ச கதையிலை எனக்கும் கண் தெரியாமல் போச்சு. ஒரு சிலையாம், முழங்காலோடை முறிஞ்சுதாம். தூ!"

துப்பியது வரம்புக்கு. ஆனால் நான் ஓரடி பின்வாங்கினேன்.

"அவள் உம்மட்டைக் கேட்டவள். நீர் ஏன் சொல்லேல்லை?"

நான் குனிந்து அவரோடு வெங்காயம் பொறுக்கத் தொடங்கினேன்.

சாத்திரியாரிடம் திரும்பப் போனார்கள். இம்முறை சாதகத்தில் செவ்வாய் தென்பட்டது. எங்கள் ஊரில் கிரகங்களைப் போல ஒத்துழைப்பவர்கள் வேறு யாரும் இல்லை. புரோக்கருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் கோபித்துக்கொண்டு அல்பத்தை எடுக்க வரவில்லை. மாப்பிள்ளையின் தாயே வந்தார்.

பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனுசி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, இவன் ஒருவன்தான். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பன்பை, அதற்குள் எங்களுக்கு என்று பனங்கட்டி. மறுத்த வீட்டுக்குப் பனங்கட்டியோடு வருகிற ஆள். அக்கா அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டாள். அத்தானுக்குத் திடீரென்று தோட்டத்தில் வேலை வந்தது. நான் அன்று அங்கே போயிருந்தது என் தலைவிதி.

"சாதகம் பொருந்தாட்டி என்ன செய்யிறது, தம்பி," என்றார். "அதுக்கு ஆரையும் குறை சொல்லேலாது." அல்பத்தை மடியில் வைத்துத் தடவினார். "நீங்கள்தானே இதுகளை விளங்கப்படுத்தினவர்? புரோக்கர் சொன்னவர், கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். அவன் எழுதுறேல்லை, என்ன இடம் எண்டு. நான் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறன். எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

மருமகள் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். ஓம் என்றோ வேண்டாம் என்றோ தலையை ஆட்டவில்லை.

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். பிளாஸ்ரிக் தாளை உரித்தேன். அதே சத்தம், அதே வாசனை. இது துறைமுகம், அம்மா. இங்கே நூறடிச் சிலை நின்றது. இது வீரர்களின் வீதி. இது மாளிகை. உங்கடை மகன் இதற்குள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். தரை முழுக்க வண்ணக் கற்கள். என் குரல் எனக்கே ஊத்தையாகக் கேட்டது. முதல்முறை அறியாமல் சொன்ன பொய்யை இப்போது அறிந்து, சொல்லுக்குச் சொல் அதே ஏற்ற இறக்கத்தோடு, திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுசி ஒவ்வொரு படத்துக்கும் 'ஓ, ஓ' என்று தலையாட்டினார்.

ஒன்பதாவது படத்தில் விரலை வைத்தார்.

"இதொண்டுதான் எனக்கு விளங்கேல்லை. ஏன் தம்பி எல்லாப் படத்திலையும் கையைப் பின்னாலை வைச்சிருக்கிறான்? சின்னனிலை இப்பிடி நிக்கிற பிள்ளை இல்லை. ஏதும் காயமோ?"

நான் அன்றைக்குத்தான் அந்தப் படத்திலுள்ள ஆளைப் பார்த்தேன். தூணை விட்டு. தோள்கள் சற்று முன்னால் வளைந்திருந்தன. இரண்டு வருசம் நாள் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீருக்குள் கிடந்த கைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகங்களில் அது இல்லை. கடிதத்திலும் அவன் அதை எழுதவில்லை.

"காயமில்லை, அம்மா," என்றேன். "இதெல்லாம் பழைய ராசாக்கள் இருந்த இடம். அங்கே போகிறவர்கள் கையைப் பின்னாலே கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். மரியாதை."

"அப்பிடியோ," என்றார். முகம் தெளிந்துவிட்டது. "மரியாதை தெரிஞ்ச பிள்ளை." அல்பத்தை மூடிப் பன்பைக்குள் வைத்தார். எழும்பும்போது, "வடிவான இடம், என்ன?" என்று கேட்டார்.

"ஓம், அம்மா," என்றேன். "கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்."

மருமகள் அவரைப் பஸ் எடுக்க ஒழுங்கை முகப்புவரை கூட்டிக்கொண்டு போனாள். நான் கிணற்றடிக்குப் போனேன். பந்தலில் முந்திரிகை பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே குனிந்து, காலையில் சாப்பிட்ட எல்லாவற்றையும் சத்தி எடுத்தேன்.